அவன் தூங்கும் நேரம்

‘ரியர் விண்டோ’வை முதல் முறை பார்த்தபோது அதன் மிக முக்கியமான ஷாட்டை நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். படத்தை நிறுத்திவிட்டுப் போகத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது திரையில் பொழுது விடிந்திருந்தது. பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் படம் பேச்சில் வந்தது. “அந்தப் பொம்பள அவனோட வெளிய போறதைப் பார்த்ததும் எனக்குக் குழம்பிப்போச்சு” என்றார். எந்தப் பெண் என்று கேட்டேன். சொன்னார். அப்படி ஒரு காட்சியே கிடையாது என்று நான் அடித்துப் பேசினேன். கதாநாயகன் பார்க்காத எதையும் நமக்குக் காட்டாத படம் அது, அதுதானே அதன் விசேஷம் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், இருக்கிறது. அவர் சொன்னபடியே. கதாநாயகன் தூங்கிக்கொண்டிருக்கிறான், கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் படமே வேறாகிவிட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு தூக்கத்தைப் பற்றித்தான். 1954-இல் வந்த படம், அதனால் முடிவை மறைத்து எழுதப்போவதில்லை. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜெஃப் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரன். கார் பந்தயத்தைப் படமெடுக்கப் போய்க் கால் முறிந்து, இடுப்பு வரை மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கிறான். இடம், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ். கொளுத்தும் கோடை, எல்லோர் வீட்டு ஜன்னலும் திறந்திருக்கிறது. பொழுது போகாமல் பின்பக்க முற்றத்துக்கு எதிரே உள்ள வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிர்வீட்டில் தோர்வால்ட் என்கிற நகை விற்பனைப் பிரதிநிதி, படுக்கையில் கிடக்கும் நோயாளி மனைவியோடு ஓயாத சண்டையில் இருக்கிறான். ஒரு நாள் அந்த மனைவியைக் காணவில்லை. கொன்றுவிட்டான் என்று ஜெஃப் முடிவுகட்டுகிறான். காதலி லிசா (கிரேஸ் கெல்லி) முதலில் நம்பவில்லை, அப்புறம் நம்புகிறாள். போலீஸ் நண்பன் டாயல் கடைசி வரை நம்பவில்லை. அவ்வளவுதான் கதை.

இதை எடுப்பதற்காக ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பாரமவுன்ட் ஸ்டுடியோவுக்குள் ஒரு குடியிருப்பையே கட்டினார். 30-க்கும் மேற்பட்ட வீடுகள், நடுவில் முற்றம். உயரம் போதாமல் ஸ்டுடியோவின் தரையைப் பெயர்த்தெடுத்து, முற்றத்தை அடித்தளத்தில் அமைத்தார்கள். எதிர்ப்பக்க வீடுகளில் நடித்தவர்கள் தோல் நிறத்தில் ஒரு இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். ஹிட்ச்காக் இந்தப் பக்கத்திலிருந்து வானொலி வழியாக அவர்களை இயக்கினார். இத்தனை செலவும் கேமரா அங்கே போகாமல் இருப்பதற்காக என்பதுதான் எனக்கு வேடிக்கை. அவ்வளவு பெரிய செட்டைக் கட்டியவர் யாராக இருந்தாலும் உள்ளே புகுந்து நாலு ஷாட் எடுக்கத்தான் ஆசைப்படுவார். ஹிட்ச்காக் ஜெஃப்பின் அறையை விட்டு நகர மறுத்தார்.

படம் பெரும்பாலும் மூன்று துண்டுகளால் ஓடுகிறது. ஜெஃப் பார்க்கிறான். அவன் பார்ப்பது எதுவோ அது. பிறகு மறுபடி ஜெஃப்பின் முகம். இது ஹிட்ச்காக் கண்டுபிடித்ததல்ல. ஒரு முகத்துக்குப் பக்கத்தில் எந்தக் காட்சியை ஒட்டுகிறோமோ அதைப் பொறுத்து அந்த முகத்தின் பொருள் மாறும் என்று 1920-களின் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் பெயரில் சொல்லப்படும் பாடம்தான். ஹிட்ச்காக்கே இந்தப் படத்தை வைத்து அதை விளக்கியிருக்கிறார். கூடையில் வைத்து இறக்கப்படும் நாய்க்குட்டியைக் காட்டிவிட்டு ஸ்டூவர்ட் சிரிப்பதைக் காட்டினால் நல்ல மனுஷன். அரைகுறை உடையில் உடற்பயிற்சி செய்யும் பெண்ணைக் காட்டிவிட்டு அதே சிரிப்பைக் காட்டினால் ஜொள்ளுப் பேர்வழி. ஒரே சிரிப்பு.

இந்தப் பாடத்தை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பிரச்சினை என்னவென்றால், மூன்று துண்டு வாய்பாடு இவ்வளவு கச்சிதமாக ஓடுவதால், அது உடைகிற இடங்களை நம் கண் தாண்டிப் போய்விடுகிறது.

முதல் உடைப்பு படத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. எழுத்துகள் ஓட ஓட ஜன்னலின் மூங்கில் திரைகள் ஒவ்வொன்றாக, மேடைத் திரை தூக்குகிற மாதிரி, தானாக மேலேறுகின்றன. ஒரு பூனை படியேறுகிறது. கேமரா முற்றத்தை ஒரு சுற்று சுற்றி உள்ளே வருகிறது. ஜெஃப் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, நெற்றியில் வியர்வை வழியத் தூங்கிக்கொண்டிருக்கிறான். கேமரா மறுபடி வெளியே போய் அக்கம்பக்கத்தாரை எழுப்பி, ரேடியோவைக் கேட்டுவிட்டு, இன்னும் தூங்குகிறவனிடம் திரும்பி வருகிறது. மாவுக்கட்டு. அதன்மேல் யாரோ கிறுக்கியிருக்கும் பெயர். உடைந்து நொறுங்கிய ஒரு கேமரா. சுவரில் ஒரு புகைப்படம், பந்தயக் காரின் சக்கரம் கழன்று நம் முகத்தை நோக்கிப் பறந்து வருகிறது. கடைசியாக, சட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு பெண்ணின் நெகடிவ். பக்கத்திலேயே அதே பெண் அட்டைப்படமாக வந்திருக்கும் பத்திரிகைகளின் அடுக்கு.

ஒரு வார்த்தை வசனம் இல்லை. இவன் யார், என்ன வேலை, கால் எப்படி உடைந்தது, ஆபத்தான இடத்தில் போய் நிற்கிற ஆள் என்பதெல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு அவன் எழுந்து தொலைபேசியில் ஆசிரியரிடம் இதில் பாதியை மறுபடி சொல்கிறான், அது எதற்கோ. பெண்ணை நெகடிவாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தாலே நழுவுகிறவன் அவன். அந்த நெகடிவைப் பார்த்துவிட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கவனியுங்கள், இதில் எதுவுமே ஜெஃப்பின் பார்வை இல்லை. அவன்தான் தூங்குகிறானே. பார்ப்பது வேறு யாரோ. ஆனால் அவன் கண் விழித்ததும் அந்த வேறு யாரோ நைசாக அவனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார். நாமும் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் அந்த இரவு. ஒரு பெண்ணின் அலறல், ஏதோ உடையும் சத்தம். மழை. நடுராத்திரி தாண்டி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோர்வால்ட் வெளியே போகிறான், வருகிறான், மறுபடி போகிறான். ஜெஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்து, விழித்து, மறுபடி அயர்கிறான். விடியும் நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது. தோர்வால்டும் கறுப்பு உடையில் முகம் தெரியாத ஒரு பெண்ணும் வெளியே போகிறார்கள். கேமரா அப்படியே நகர்ந்து ஜெஃப்பிடம் வருகிறது. நல்ல தூக்கம்.

அவ்வளவுதான் ஷாட். இசை இல்லை, அழுத்தம் இல்லை. கொட்டாவி விட்டால் போய்விடும். (தண்ணீர் குடிக்கப் போனாலும்.)

த்ரில்லர் என்றால் முதலில் சொல்லித்தரப்படுவது, பார்வையாளனுக்குக் கதாபாத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், மேஜையில் அரட்டை அடிப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் பதறுகிறோம். ஹிட்ச்காக் ஊர் ஊராகச் சொன்ன உதாரணம். இங்கேயும் நமக்குக் கூடுதலாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கூடுதல் நம்மை ஏமாற்றுகிறது. மறுநாள் முழுக்க ஜெஃப் “அந்த அம்மா உயிரோட இல்லை” என்று துடிக்கிறான். நமக்கோ உள்ளுக்குள் ஒரு முள். அந்தப் பெண் நடந்து போனதைப் பார்த்தோமே? டாயல் வந்து, காலை 6 மணிக்கு இருவரும் வெளியே போனதைக் கட்டடத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது, ஜெஃப் அதிர்கிறான். நாம் அதிர்வதில்லை. நாமும் சாட்சிதான்.

இதைப் பார்க்காமல் விட்ட முதல் முறை, டாயலை நான் படங்களில் வழக்கமாக வரும் மக்குப் போலீஸ் என்றே எடுத்துக்கொண்டேன். கதாநாயகன் சொல்வான், போலீஸ் நம்பாது, கடைசியில் வந்து கைவிலங்கு மாட்டும். த்ரில்லரின் தேய்ந்துபோன சம்பிரதாயம். இரண்டாம் முறை பார்த்தபோது டாயல் சொல்வதெல்லாம் நியாயமாகப் பட்டது. அவரிடம் சாட்சி இருக்கிறது, ஜெஃப்பிடம் பைனாகுலர்தான் இருக்கிறது. வசனத்தில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஒரு துணைக் கதாபாத்திரத்தின் எடையையே அந்தச் சில விநாடிகள் மாற்றிவிடுகின்றன.

சரி, அந்தப் பெண் யார்? லிசாதான் முடிச்சை அவிழ்க்கிறாள். எந்தப் பெண்ணும் தனக்குப் பிடித்த கைப்பையைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டுவிட்டு ஊருக்குப் போகமாட்டாள், நகைகளை விட்டுப் போகமாட்டாள், கல்யாண மோதிரத்தை நிச்சயமாக விட்டுப் போகமாட்டாள், ஆகவே போனது மனைவி இல்லை என்கிறாள். துப்பறியும் கதைகளில் சுருட்டுச் சாம்பலையும் காலணி மண்ணையும் படிக்கும் மேதாவித்தனத்துக்கு இங்கே ஒரு கைப்பை ஈடாகிறது. ஃபேஷன் பத்திரிகை உலகத்துப் பெண், நம்மோடு எப்படிக் காடு மலை சுற்றுவாள் என்று ஜெஃப் இளப்பமாக நினைத்திருந்தது எந்த அறிவையோ, அந்த அறிவுதான் வழக்கை நிமிர்த்துகிறது.

படத்துக்கு மூலமான கார்னெல் உல்ரிச்சின் 1942-ஆம் வருடச் சிறுகதையில் லிசாவே கிடையாது. வேலையாள் ஒருவன்தான் உண்டு. லிசாவைக் கொண்டுவந்தது திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸ். அவள் இல்லாவிட்டால் இது ஒரு கெட்டிக்காரக் கதையாக மட்டும் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஜெஃப்பின் அறைக்குள் அவளுடைய வருகையும் ஒரு தூக்கத்தில்தான் நடக்கிறது, பாருங்கள். கண்மூடியிருப்பவன் முகத்தில் ஒரு நிழல் ஏறுகிறது. யாரோ தாக்க வருகிற மாதிரி. கண் திறக்கிறான், அழகான ஒரு முகம் குனிந்து முத்தமிடுகிறது. கொலைகாரன் வருகைக்குரிய மொழியில் காதலியின் வருகையை எடுத்திருக்கிறார். பின்னால் உண்மையான கொலைகாரன் அதே அறைக்கு வரும்போது, நிழல் என்ன செய்யும் என்று நமக்கு ஏற்கெனவே பழக்கியாயிற்று.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் பின்னணி இசை தொடக்கத்தோடு அநேகமாக விடைபெற்றுவிடுகிறது. அதன்பின் நாம் கேட்பது அக்கம்பக்கத்து ரேடியோக்கள், தெருச் சத்தம், மாடியில் ஒரு இசையமைப்பாளர் பியானோவில் தட்டித் தட்டி உருவாக்கும் ஒரு பாட்டு. தோர்வால்ட் வீட்டுச் சண்டையில் வார்த்தை நமக்குத் தெளிவாகக் கேட்பதேயில்லை. கை அசைவும் உடம்பு திரும்புவதும்தான். அந்த ஒரு ஜன்னலில் மட்டும் மௌனப்படம் ஓடுகிறது. மௌனப்படக் காலத்தில் வேலை கற்ற இயக்குநருக்கு அது சொந்த ஊர்.

விதி உடைகிற இன்னொரு இடம் நாய் சாகும் காட்சி. பூப்பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்த நாய் ஒரு இரவில் கழுத்து முறிந்து கிடக்கிறது. அதை வளர்த்த பெண் மேலே நின்று எல்லா வீடுகளையும் பார்த்து அழுது கத்துகிறாள், அக்கம்பக்கம் என்ற சொல்லுக்கு உங்களில் யாருக்காவது அர்த்தம் தெரியுமா என்று. அதுவரை ஜெஃப்பின் அறையில் கட்டிப்போட்டிருந்த கேமரா முதல் முறையாக முற்றத்துக்குள் இறங்குகிறது. பொம்மை அளவில் பார்த்துவந்தவர்களின் முகங்கள் கிட்டத்தில், கீழிருந்து. இத்தனை நேரம் வேடிக்கை பார்த்தவனை அந்தப் பெண் வசவு வைக்கும்போது, அவனுடைய ஜன்னலை விட்டு நம்மைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் நிறுத்துகிறார்கள். எல்லோரும் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறார்கள். வராதவன் ஒருவன். தோர்வால்டின் வீடு இருட்டு. அந்த இருட்டில் ஒரு சிகரெட் நுனி சிவந்து அடங்குகிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ‘வசனம்’ அந்த நெருப்புப் புள்ளிதான்.

ஆனால் தொழில்நுட்பமாக உச்சம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், லிசா தோர்வால்டின் வீட்டுக்குள் இரும்புப் படிக்கட்டு வழியாக ஏறிக் குதிக்கும் பகுதியைச் சொல்வேன். பொதுவாக இம்மாதிரி இடத்தில் த்ரில்லர்கள் வெட்டி வெட்டித் தாவும்: உள்ளே அவள், படியேறும் அவன், உள்ளே அவள், கதவுப்பிடியில் அவன் கை. ஹிட்ச்காக்குக்கு அந்த வசதி இல்லை, அறையை விட்டு நகர முடியாதே. அதனால் வெட்ட வேண்டியதையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடுக்குகிறார். மேல் ஜன்னலில் லிசா நகைப்பெட்டியைத் துழாவுகிறாள். அதற்கு நேர் கீழே, தனிமையில் வாடும் பெண்மணி ஒருத்தி மாத்திரைகளைக் கொட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஜெஃப்பும் நர்ஸ் ஸ்டெல்லாவும் கீழ் ஜன்னலைப் பார்த்துப் பதறிப் போலீஸுக்குப் போன் போடுகிறார்கள். அந்தக் கவனச்சிதறலில்தான் தோர்வால்ட் திரும்பி வருகிறான். மாடியிலிருந்து வரும் பாட்டைக் கேட்டுக் கீழ்வீட்டுப் பெண் மாத்திரையைக் கீழே வைக்கிறாள். மேல்வீட்டில் கதவு திறக்கிறது. ஒரு உயிர் தப்புகிற அதே நொடியில் இன்னொன்று மாட்டுகிறது. எங்கே பார்ப்பது என்று நம் கண்தான் எடிட்டிங் செய்துகொள்ள வேண்டும். தப்பாகச் செய்தால் தோர்வால்ட் வருவதைத் தவறவிடுவோம். ஜெஃப் தவறவிட்டான், நானும்தான்.

விளக்கு அணைகிறது, லிசா கத்துகிறாள். ஜெஃப்பால் நாற்காலியில் நெளிய மட்டுமே முடிகிறது. கதாநாயகனின் உடல் பலத்தை முதல் காட்சியிலேயே பிடுங்கி வைத்ததன் வட்டியை இங்கே வசூல் செய்கிறார்கள். போலீஸ் வந்து அவளைக் காப்பாற்றுகிறது. நம் பக்கம் முதுகைக் காட்டி நின்றபடி, கையைப் பின்னால் கட்டி, தான் போட்டிருக்கும் மோதிரத்தை விரலால் சுட்டிக் காட்டுகிறாள். கொலைக்குச் சாட்சியான மோதிரம். அவள் ஜெஃப்பிடமிருந்து இத்தனை நாளாக எதிர்பார்த்த மோதிரமும் அந்த விரலுக்குரியதுதான். இரண்டு கதையும் ஒரு விரலில் வந்து சேர்கின்றன.

தோர்வால்ட் அந்தக் கையைப் பார்க்கிறான். யாருக்குக் காட்டுகிறாள்? மெல்ல நிமிர்ந்து லென்ஸுக்குள் நேராக நம்மைப் பார்க்கிறான். முதலில் வெறுங்கண், பிறகு பைனாகுலர், பிறகு நீளமான டெலிஃபோட்டோ லென்ஸ் என்று படிப்படியாக அவனை இழுத்துக் கிட்டத்தில் கொண்டுவந்ததே நாம்தான். வந்துவிட்டான்.

அடுத்து அவன் ஜெஃப்பின் அறைக்கு வருவது. நடைக்கூடத்தில் காலடி, கதவடியில் தெரியும் வெளிச்சம் அணைவது, எல்லாம் பாடப்புத்தகம். ஆனால் உள்ளே வந்தவன் கேட்கும் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்? பணமா, என்னிடம் பணம் இல்லையே. கெஞ்சுகிற மாதிரி கேட்கிறான். ஜெஃப்பிடம் பதில் இல்லை. படம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பூச்சி வெளியே வந்து ‘ஏன்யா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

அதற்குப் பின் ஃப்ளாஷ் பல்புகளை அவன் கண்ணில் அடித்து அடித்து ஜெஃப் நேரத்தைக் கடத்துவது நல்ல யோசனைதான், புகைப்படக்காரனுக்கு வேறென்ன ஆயுதம். தோர்வால்டின் கண்ணில் படரும் செந்நிற வட்டத்தை அவன் கண் வழியே நமக்குக் காட்டுகிறார்கள். ஜெஃப்பின் கண்ணை இரவல் வாங்கிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கொலைகாரனின் கண்ணுக்குள் போய் உட்காருவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின் வரும் கைகலப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அண்டை வீட்டார் ஓடி வருவதை வேகமாக ஓடவிட்டிருக்கிறார்கள், நகைச்சுவைப் படத் துரத்தல் போல இருக்கிறது. ஜெஃப் ஜன்னலிலிருந்து விழும் ஷாட்டில் தந்திரம் பல்லிளிக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்து சாதித்த படம், அசைய வேண்டிய இடத்தில் தடுமாறுகிறது.

பிணத்தை மட்டும் கடைசி வரை காட்டுவதில்லை. பூப்பாத்தியில் புதைத்திருந்தது இப்போது தொப்பிப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் சொல்வதோடு சரி. அதற்கு ஸ்டெல்லா சொல்லும் பதிலைப் படத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் படம் உரிமைச் சிக்கலில் மாட்டி வெகுகாலம் வெளியே வராமல் கிடந்து, 1983-இல்தான் மறுபடி திரையரங்குக்கு வந்தது. ஆஸ்கருக்கு நான்கு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் வாங்கவில்லை. போகட்டும்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். வெப்பம் தணிந்திருக்கிறது. கேமரா, தொடக்கத்தில் செய்த அதே சுற்றைச் சுற்றுகிறது. புது நாய் வந்திருக்கிறது. தோர்வால்டின் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். புதுமணத் தம்பதி சண்டையைத் தொடங்கியிருக்கிறார்கள். உள்ளே ஜெஃப், இப்போது இரண்டு காலிலும் மாவுக்கட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தூங்குகிறான். மறுபடியும்.

பக்கத்தில் லிசா சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமாகச் சாய்ந்து, இமயமலைப் பயணம் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஜெஃப்புக்கு ஏற்றவளாக மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டியதுதான். அவள் தலையை நிமிர்த்தி அவன் நன்றாகத் தூங்கிவிட்டானா என்று பார்க்கிறாள். தூங்கிவிட்டான். இமயமலையைக் கீழே வைத்துவிட்டு, ஒளித்துவைத்திருந்த ஃபேஷன் பத்திரிகையை எடுத்துப் பிரிக்கிறாள்.